ககாரினை அனுப்பிய நாட்டில் சோப்புக்கு ஏன் வரிசை நின்றது?

தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: "1961இல் ககாரினை விண்வெளிக்கு அனுப்பிய நாடு, முப்பதே ஆண்டுகளில் தன் மக்களுக்குச் சோப்புகூடக் கொடுக்க முடியாமல் உடைந்தது எப்படி? கம்யூனிசம் தோற்றதா, அமெரிக்கா சதி செய்ததா, கொர்பச்சேவ் காட்டிக்கொடுத்தாரா?" மூன்றில் ஒன்றை டிக் செய்யச் சொல்கிறீர்கள். எனக்கென்னவோ இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. சோவியத் யூனியனுக்கு என்ன நோய் இருந்தது என்பது ஒன்று. அது 1991இல் ஏன் செத்தது என்பது மற்றொன்று. சர்க்கரை வியாதியோடு முப்பது ஆண்டு நடமாடுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதைவிட நலிந்த பொருளாதாரத்தோடு கியூபாவும் வட கொரியாவும் இன்றும் நிற்கின்றன. ஆகவே நோயைச் சொல்லிவிட்டால் சாவுக்குக் காரணம் சொன்னதாகிவிடாது.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1984இல் உதவித்தொகையில் போய், இன்று உக்ரைனில் இருக்கும் கார்க்கோவ் நகரில் ஓராண்டு ருஷ்ய மொழியும் ஐந்தாண்டு இயந்திரப் பொறியியலும் படித்து, 1990 கோடையில் திரும்பியவன். பிறகு சோவியத் டர்பைன்கள் ஓடிய ஒரு மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை. பொருளாதார நிபுணன் அல்ல. ருஷ்ய மொழி தெரிந்ததால் பின்னாளில் வெளியான ஆவணங்களையும் நினைவுக் குறிப்புகளையும் விடாமல் படித்தவன், அவ்வளவுதான். என் கண் பார்த்தது ஒரு நகரம், அதிலும் வெளிநாட்டு மாணவனின் கண். எங்களுக்கு மாதம் 90 ரூபிள் கொடுத்தார்கள். உள்ளூர் மாணவனுக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. ஒரு கூட்டுப்பண்ணைக் கிழவிக்கு அந்த நாடு எப்படித் தெரிந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது.

வகுப்புக்கு வெளியே நான் கற்ற முதல் ருஷ்ய வாக்கியம், "என்ன கொடுக்கிறார்கள்?" என்பது. தெருவில் ஒரு வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுகொள்ள வேண்டும்; அப்புறம்தான் முன்னால் நிற்பவரிடம் இதைக் கேட்க வேண்டும். கவனியுங்கள், "என்ன விற்கிறார்கள்" என்று யாரும் கேட்பதில்லை. சரக்கு வந்திருந்தால் "போட்டிருக்கிறார்கள்" என்பார்கள். நம் ரேஷன் கடையைப் பற்றி "இன்று சர்க்கரை போடுகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள்" என்கிறோமே, அதே பேச்சு. ஆனால் நமக்கு ரேஷன் கடைக்கு எதிரிலேயே மளிகைக் கடை இருக்கிறது. அங்கே நாடு முழுவதும் ஒரே ரேஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வலைப்பையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் அவோஸ்கா. "ஒருவேளை கிடைத்தால்" என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். முதல் குளிர்காலத்தில் நான் ஒரு மணி நேரம் நின்று வாங்கியது என்ன தெரியுமா? மஞ்சள் உறையில் யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலை. ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை அங்கே ஆளுக்கு இரண்டு பொட்டலம்தான் என்று எண்ணிக் கொடுத்தார்கள்.

இது சோம்பேறித்தனத்தாலோ முட்டாள்தனத்தாலோ வந்த வறுமை அல்ல. அந்த ஆட்கள் கணக்கில் புலிகள். சிக்கல் இயந்திரத்தின் வடிவமைப்பில் இருந்தது. கோஸ்பிளான் என்ற திட்டக் குழு எந்த ஆலை எவ்வளவு செய்ய வேண்டும் என்று எழுதியது. கோஸ்ஸ்னாப் என்ற வழங்கல் அமைப்பு எந்த ஆலைக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு பெயின்ட் என்று பங்கிட்டது. இலக்குகள் பத்தோ நூறோ என்றால் இந்த முறை மலையைப் பெயர்த்துவிடும். பீரங்கி வண்டி, உருக்காலை, ராக்கெட் எல்லாம் அப்படிப் பெயர்த்தவைதான். ஆனால் சோப்பு, ஜிப், குழந்தையின் செருப்பு, சைக்கிள் வால்வு என்று பல லட்சம் பொருள்களை ஒரு நகரத்து மேசையிலிருந்து எண்ணி ஒதுக்க முடியவில்லை. ஆலைகளும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த ஆண்டு 105 செய்தால் அடுத்த ஆண்டின் தொடக்கப் புள்ளியே 105 ஆகிவிடும். ஆகவே 110 செய்ய முடிந்த மேலாளர் 101 செய்துவிட்டு மூச்சுவிடாமல் இருப்பார். தேவையில்லாத இரும்பையும் ஆளையும் பதுக்கி வைப்பார், நாளைக்கு உதவும் என்று.

நான்காம் ஆண்டுப் பயிற்சிக்கு ஓர் ஆலைக்கு அனுப்பினார்கள். மாதத்தின் முதல் பத்து நாள் தொழிலாளர்கள் டோமினோ விளையாடினார்கள், ஏனென்றால் வார்ப்புகள் வரவில்லை. நடுப் பத்து நாளில் வார்ப்புகள் வரத் தொடங்கின. கடைசிப் பத்து நாள் இரவு பகலாக அடித்துப்பிடித்து இலக்கை முடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஷ்துர்ம்", அதாவது கோட்டையை முற்றுகையிட்டுத் தாக்குவது. எங்கள் விடுதிக் காவலாளி அம்மாள் குளிர்பதனப் பெட்டி வாங்கப் போனபோது அதோடு வரும் சான்றிதழில் தயாரித்த தேதியைத்தான் முதலில் பார்த்தாள். மாதக் கடைசியில் செய்தது என்றால் வேண்டாம். ஊர் திரும்பி டர்பைன்களோடு மல்லுக்கட்டிய காலத்திலும் இது எனக்கு உதவியது. அந்த இயந்திரங்கள் முரட்டுத்தனமாக உழைக்கும், ஆனால் கனம் அளவுக்கு மீறியிருக்கும். உற்பத்தி இலக்கை டன் கணக்கில் வைத்தால் ஆலை டன்னைத்தானே கொடுக்கும்?

இந்த நோயை அவர்கள் அறியாமல் இல்லை. 1965இல் பிரதமர் கோசிகின் லாபத்தையும் விற்பனையையும் அளவுகோலாக்கப் பார்த்தார். சில ஆண்டுகளில் அது கரைந்துவிட்டது. அமைச்சகங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, 1968இல் செக்கோஸ்லோவாகியாவில் பொருளாதாரச் சீர்திருத்தம் அரசியல் சீர்திருத்தமாக மாறியதைக் கண்டு மாஸ்கோவுக்குப் பயமும் வந்துவிட்டது. சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகுக்குப் போன அதே ஆண்டில்தான் சீர்திருத்தம் என்ற சொல்லும் கெட்ட வார்த்தையானது.

இனி அரசியல். இங்கேதான் உங்கள் சோப்பின் கதை தொடங்குகிறது என்பது என் வாதம். 1962 ஜூன் 1ஆம் தேதி இறைச்சி விலையைச் சராசரியாக 30 சதவீதமும் வெண்ணெய் விலையை 25 சதவீதமும் உயர்த்துவதாக அப்போதைய தலைவர் குருசேவின் அரசு அறிவித்தது. பொருளாதாரக் கணக்குப்படி அது சரியான முடிவு. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுக்காவிட்டால் மாடு யார் வளர்ப்பார்கள்? ஆனால் தெற்கு ருஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரில் மின்சார ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்களுக்கு அதே சமயத்தில் வேலை அளவுக் கணக்கையும் மாற்றிக் கூலியைக் குறைத்திருந்தார்கள். இறைச்சிக்கு எங்கே போவது என்று கேட்டவர்களிடம், ஈரல் வைத்த பணியாரம் தின்னுங்கள் என்று ஆலை இயக்குநர் சொன்னதாகக் கதை. மறுநாள் லெனின் படங்களையும் செங்கொடிகளையும் ஏந்திக்கொண்டு ஊர்வலமாகப் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 26 பேர் இறந்தார்கள். பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. சதுக்கத்தைக் கழுவி, பிணங்களை வெவ்வேறு ஊர்களில் ரகசியமாகப் புதைத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நாடு அறியாமல் மறைத்தார்கள்.

நாடு அறியவில்லை, ஆட்சிக்கு மறக்கவில்லை. பாட்டாளி அரசு பாட்டாளியைச் சுட்டது வெளியே தெரிந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அதன் பிறகு கிட்டத்தட்ட 29 ஆண்டுகள், 1991 ஏப்ரல் வரை, அரசுக் கடையில் இறைச்சி விலையைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. நான் இருந்த காலத்தில் மாட்டிறைச்சி கிலோ 2 ரூபிள் என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். அரசுக்கு அடக்கவிலை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கூலி ஏறிக்கொண்டே போனது, விலை நின்ற இடத்தில் நின்றது. கையில் காசு சேரச்சேர வரிசை நீண்டது. ரொட்டி எவ்வளவு மலிவு என்றால், தீவனம் வாங்குவதைவிட ரொட்டியை வாங்கிப் பன்றிக்குப் போடுவது கிராமத்தானுக்கு லாபம். மாஸ்கோவுக்கு மற்ற ஊர்களைவிட நல்ல ஒதுக்கீடு என்பதால் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் சனிக்கிழமை ரயிலேறித் தலைநகருக்கே இறைச்சி வாங்கப் போவார்கள். "நீளமாக, பச்சையாக, சாசேஜ் மணத்தோடு வருவது எது?" என்று ஒரு விடுகதை. விடை: மாஸ்கோவிலிருந்து திரும்பும் பாசஞ்சர் ரயில். இறைச்சியைத் தலைநகருக்கு அனுப்பி, பிறகு மக்கள் அதைத் தோளில் சுமந்து திரும்பக் கொண்டுவருவதுதான் அந்த நாட்டின் விநியோக முறை என்று என் அறைத் தோழன் சொல்லிச் சிரிப்பான்.

கடைக்காரன் விலை ஏற்றினால் நாம் கடைக்காரனைத் திட்டுகிறோம். அங்கே ஆணியின் விலையும் கட்சியின் முடிவு, பாலின் விலையும் கட்சியின் முடிவு. எல்லாப் புகழும் தனக்கே என்று எழுதிக்கொண்டவர்களுக்கு எல்லாப் பழியும் சேர்ந்தே வந்தது. ஆகவே பொருளாதாரத்தைச் சரிசெய்ய அரசியல் துணிவு வேண்டும். போட்டியுள்ள தேர்தலே நடத்தாத ஆட்சியிடம் அந்தத் துணிவு இல்லை, விலையேற்றத்துக்கு யாருடைய சம்மதத்தையும் அது கேட்டுப் பெற்றதில்லை என்பதால்.

இந்த முடிச்சை அவிழ்க்காமலே இருபது ஆண்டு ஓட்ட முடிந்ததற்குக் காரணம் எண்ணெய். மேற்கு சைபீரியாவில் 1965இல் கண்டுபிடித்த சமோத்லோர் வயல், அதன்பின் 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் ஏறிய விலை. அந்த டாலர்களைக் கொண்டு தானியம் வாங்கினார்கள். புரட்சிக்கு முன் கோதுமை ஏற்றுமதி செய்த நாடு 1963இல் தங்கத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கத் தொடங்கி, 1980களில் சில ஆண்டுகளில் 4 கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி செய்தது. குருசேவுக்குப் பின் ஆண்ட பிரெஷ்னேவின் காலத்தைப் பொற்காலம் என்று இன்றும் ருஷ்யாவில் முதியவர்கள் சொல்கிறார்கள். பொய்யில்லை, எண்ணெய்க் காசில் வந்த நிம்மதி. 1985 இறுதியில் தொடங்கி 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தபோதுதான் கடன் தெரிந்தது.

அமெரிக்கச் சதி என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தைப் பற்றித்தான். விலை சரிந்தது உறுதி. சவூதி அரேபியா உற்பத்தியைக் கூட்டியதால் சரிந்தது என்பதும் உறுதி. வாஷிங்டன் சொல்லித்தான் சவூதி அப்படிச் செய்தது என்பதை நான் நம்பவில்லை. விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக உற்பத்தியைக் குறைத்துக் குறைத்து, 1985 நடுவில் சவூதி அரேபியா ஐந்தாண்டுக்கு முன் எடுத்ததில் கால் பங்குக்கு வந்திருந்தது. இழந்த சந்தையைத் திரும்பப் பிடிக்க அவர்களுக்குச் சொந்தக் காரணமே போதும். ஆயுதப் போட்டியும் அப்படித்தான். பளு மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. அதிகாரபூர்வ ராணுவச் செலவு 2,020 கோடி ரூபிள் என்று சொல்லிவந்தவர்கள், 1989 மேயில் கொர்பச்சேவ் வாயாலேயே 7,730 கோடி என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவும் முழுக்கணக்கல்ல என்பார் உண்டு. உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை, விலைகளே கற்பனையாக இருந்த நாட்டில் சதவீதம் எடுப்பது கடினம். ஆனால் அந்தச் சுமையோடு நாற்பது ஆண்டு நடந்தவர்கள் ஏன் அந்த ஆண்டில் விழுந்தார்கள் என்பதற்கு ஆயுதச் செலவு விடை தராது. ஏவுகணைகளை விண்வெளியிலிருந்து தடுக்க அமெரிக்க அதிபர் ரேகன் போட்ட நட்சத்திரப் போர்த் திட்டம் சோவியத்தைத் திவாலாக்கியது என்பது அமெரிக்கர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் மாலை.

சாவுக்கு வருகிறேன். 1985 மார்ச்சில் கொர்பச்சேவ் ஆட்சித் தலைமைக்கு வந்தார்; 54 வயது. எழுதி வைத்ததைப் படிக்காமல் பேசுகிறாரே என்று எங்கள் பேராசிரியர்களே தொலைக்காட்சி முன் வியந்து நின்றார்கள். மே மாதமே மதுவுக்கு எதிரான இயக்கம். நோக்கம் நல்லது; குடி அந்த நாட்டை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் வோட்கா வரி பட்ஜெட்டின் பெரிய தூண்களில் ஒன்று. (இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.) அதைச் சாய்த்த நேரத்தில் எண்ணெய் விலையும் சாய்ந்தது. மக்கள் வீட்டில் காய்ச்சத் தொடங்கினார்கள்; காய்ச்சச் சர்க்கரை வேண்டும்; சர்க்கரை கடையிலிருந்து மறைந்து, சில ஆண்டுகளில் கூப்பன் வந்தது. எங்கள் விடுதியில் மாதக் கூப்பனைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுப்பார்கள். தேயிலைக்கு நின்றது போக, அதில் போடும் சர்க்கரைக்கும் நிற்க வேண்டியதாயிற்று. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. கார்க்கோவில் எங்களுக்கு இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. 28ஆம் தேதி இரவுச் செய்தியில் சில வரிகள் வாசித்தார்கள். மே 1ஆம் தேதி கீவ் நகரில் குழந்தைகளை வைத்து ஊர்வலம் நடத்தினார்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் விடுதியில் அரசு சொன்ன எதையும் யாரும் அப்படியே நம்பியதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் உண்மையான அடி பட்ட இடம் இவை எதுவும் அல்ல. சோவியத்தில் இரண்டு வகைப் பணம் இருந்தது. ஒன்று நீங்களும் நானும் கையில் வைத்திருக்கும் ரூபிள். மற்றொன்று ஆலைகளின் வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கும் ரூபிள். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் போகும், கூலிக்கென்று ஒதுக்கியதைத் தவிர நோட்டாக வெளியே வராது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். திட்டப் பொருளாதாரம் அதன் எல்லா அபத்தங்களோடும் நின்றது இந்தச் சுவரில் சாய்ந்துதான். 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அரசு ஆலைகள் சட்டம் மேலாளருக்குக் கூலியைத் தீர்மானிக்கும் சுதந்திரத்தை நிறையக் கொடுத்தது. மேலாளரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. தேர்தலில் நிற்பவர் கூலியைக் குறைப்பேன் என்றா சொல்வார்? விலையை மட்டும் விடுதலை செய்யவில்லை. அதைத் தொடத்தான் பயமாயிற்றே. அதே ஆண்டு மே மாதக் கூட்டுறவுச் சட்டம் சுவரில் கதவே வைத்தது. கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் நாலு பேர் சேர்ந்து, ஆலையின் கணக்குப் பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்கி, நோட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

அது எப்படி நடந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறையில் மேற்கு பெர்லினுக்குப் போய்வரலாம்; சோவியத் மாணவர்களுக்கு அது கனவு. எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர் அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டரைப் பெட்டியோடு தூக்கிவந்தார். ஒரு கூட்டுறவுச் சங்கம் அதை அவரிடம் நோட்டாகக் கொடுத்து வாங்கியது. ஓர் ஆய்வு நிலையத்துக்கு இன்னும் கூடுதலான விலைக்கு விற்றது. நிலையத்துக்குக் கவலையில்லை, அது செலவழித்தது வேறெதற்கும் உதவாத கணக்குப் பணம். அந்த ஒரு பெட்டிக்கு மூத்தவர் கையில் வந்த தொகை, எங்கள் பேராசிரியரின் பல ஆண்டுச் சம்பளம். விடுதி சமையலறையில் செய்தித்தாளில் சுற்றிய நோட்டுக் கட்டுகளை அவர் எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் முடங்கிக் கிடந்த பணம் தெருவுக்கு வந்தது. பட்ஜெட் பற்றாக்குறைக்கு அச்சடித்ததும் அதோடு சேர்ந்தது. பொருள் கூடவில்லை, விலை ஏறவில்லை. மதகைத் திறந்துவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

காசு கையில் கனத்தால் மக்கள் கெட்டுப்போகாத பொருளாக வாங்கிக் குவிப்பார்கள்: உப்பு, தீக்குச்சி, சர்க்கரை, சோப்பு. உங்கள் சோப்பு இங்கே வருகிறது. 1989 கோடையில் சோப்பும் கூப்பனுக்குப் போய்விட்டது. ஜூலையில் சைபீரியாவின் மெஸ்துரெச்சென்ஸ்க் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று, குழியிலிருந்து மேலே வந்தால் உடம்பு கழுவச் சோப்பு. சில நாளில் தொன்பாஸ், வோர்க்குத்தா, கரகந்தா என்று மற்றச் சுரங்கப் பகுதிகளிலும் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 1962இல் சுட்டார்கள். இந்த முறை சுடவில்லை. கேட்டதையெல்லாம் கொடுப்பதாகக் கையெழுத்திட்டார்கள். கொடுக்கச் சரக்கு இல்லை. கொர்பச்சேவைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் அவர் சுடாததை நான் பலவீனம் என்று சொல்ல மாட்டேன்.

1990 மே மாதம் பிரதமர் ரிஸ்கோவ் ஜூலை முதல் ரொட்டி விலை மூன்று மடங்காகும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்று மாலையே கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். நான் பார்த்த கடையில் வினிகர் புட்டிகளும் கடல்பாசி டப்பாக்களும்தான் மிச்சம். பிறகு அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். பழியும் வந்தது, பலனும் இல்லை. அதற்கடுத்த மாதம் நான் ஊர் திரும்பினேன். 1991இல் எனக்கு ருஷ்ய மொழி கற்பித்த ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரி 22 இரவு ஒன்பது மணிச் செய்தியில், 50, 100 ரூபிள் நோட்டுகள் இனி செல்லாது, மாற்ற மூன்று நாள் அவகாசம் என்றார்களாம். கணவரின் ஈமச்செலவு போக மிச்சத்தை அவர் நூறு ரூபிள் நோட்டுகளாகப் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருந்தார். பனியில் வரிசை நின்று மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார், கோபமே இல்லாமல். ஏப்ரலில் கடைசியாக விலையை ஏற்றினார்கள். அமைதிக்குப் பேர்போன, பெலாருஸ் தலைநகர் மின்ஸ்க்கின் தொழிலாளர்களே தெருவுக்கு வந்தார்கள்.

குடியரசுகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது தனிப் பதிலுக்குரியது. 15 குடியரசுகளுக்கும் பிரிந்துபோகும் உரிமை அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கட்சி இறுக்கிப் பிடித்திருந்தவரை அது வெறும் எழுத்து. 1990 மார்ச்சில் சட்டத்தின் ஆறாம் பிரிவைத் திருத்திக் கட்சியின் தனியுரிமையை நீக்கியதும் எழுத்துக்கு உயிர் வந்தது. பால்டிக் நாடுகளுக்கு 1940இல் பலவந்தமாகச் சேர்த்த காயம். ஆர்மீனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் கரபாக் என்ற பகுதி யாருக்கு என்ற சண்டை. இவை பொருளாதாரத்தால் வந்தவை அல்ல. ஆனால் கடை காலியானதும் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரன் தின்றுவிட்டான் என்று நம்பத் தொடங்கினார்கள். உக்ரைன்காரர் தங்கள் கோதுமையை மாஸ்கோ தின்றது என்றார். ருஷ்யர் தங்கள் எண்ணெயை எல்லாரும் குடித்தார்கள் என்றார். யெல்ட்சின் தலைமையிலான ருஷ்யக் குடியரசு வரிப் பணத்தை மத்திய அரசுக்கு அனுப்பாமல் நிறுத்தியதுதான் கழுத்தில் விழுந்த கை. 1991 மார்ச் வாக்கெடுப்பில், ஆறு குடியரசுகள் புறக்கணித்தது போக, வாக்களித்தவர்களில் 76 சதவீதம் யூனியன் வேண்டும் என்றார்கள். உக்ரைனில் மட்டும் 70. அதே உக்ரைனில் டிசம்பர் 1ஆம் தேதி 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். நடுவில் ஆகஸ்டில் கொர்பச்சேவைக் கவிழ்க்க நடந்து தோற்ற சதி ஒன்று வந்துபோயிருந்தது. ஒன்பது மாதத்தில் மனம் மாறியது அந்தச் சதியாலா, ஏப்ரல் விலையேற்றத்தாலா, முதல் வாக்கெடுப்பின் கேள்வியே குழப்பமாக இருந்ததாலா என்பதில் எனக்குத் தெரிந்த உக்ரைன் நண்பர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். டிசம்பர் 25இல் கொர்பச்சேவ் பதவி விலகினார்.

சீனாவைப் போலச் செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு உறுதி குறைவு. 1978இல் சீனர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். நிலத்தைக் கையில் கொடுத்ததும் விளைச்சல் ஏறியது, கிராமத்திலிருந்து ஆலைக்கு ஆளும் வந்தது. சோவியத்தில் பெரும்பாலோர் நகரவாசிகள், எல்லாரும் அரசுச் சம்பளக்காரர்கள். பண்ணைக்காரனுக்கே நிலத்தை வாங்கிக்கொள்ள ஆசை இல்லை. ஒன்றை மட்டும் துணிந்து சொல்வேன். விலையை ஏற்றுவதற்கு ஒரு நேரம் இருந்தது, 1986 அல்லது 1987. மக்கள் கொர்பச்சேவை நம்பினார்கள், கையில் உபரிப் பணமும் அவ்வளவு சேரவில்லை. ஏற்றிய விலைக்கு ஈடாகக் கூலியில் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். அவர் தள்ளிப்போட்டார். காட்டிக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நோவோசெர்காஸ்க் பயம் அவருக்கும் இருந்தது. அது நடந்தபோது பக்கத்து மாநிலமான ஸ்தாவ்ரோபோலில் அவர் இளம் கட்சி நிர்வாகி.

கடைசியாக, அந்தப் புத்தகங்களை நம்பித் தாத்தா ஏமாந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அவை இருந்தன. கெட்டி அட்டை, வழவழப்பான படங்கள், விலை சில ரூபாய். அந்த விலைக்குக் காகிதம்கூடக் கட்டாது. கிலோ 2 ரூபிள் இறைச்சிக்கு அடக்கத்தை ஈடுகட்டியவர்களே இதற்கும் ஈடுகட்டினார்கள். அதில் வரைந்திருந்த அணைகளும் பள்ளிக்கூடங்களும் விண்கலமும் இருந்தன, நானே போய்ப் பார்த்தேன். படத்தில் இல்லாதது வரிசை மட்டும்தான். என் மேசை இழுப்பறையில் கார்க்கோவ் மெட்ரோவுக்குப் போடும் ஒரு 5 கோபெக் நாணயம் கிடக்கிறது. 1984 செப்டம்பரில் வந்து இறங்கியபோதும் அந்த ஒரு நாணயம்தான் கட்டணம், 1990 ஜூனில் பெட்டிகளோடு ரயில் நிலையத்துக்குப் போனபோதும் அதே ஒரு நாணயம்தான்.